கள்ளப் பானை

தண்ணீர் ஏன் இனிக்க வேண்டும்?

செவந்தி இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியாக அது அவளுக்குத் தோன்றவில்லை. உப்புக் கரித்தால் கேட்கலாம், நாறினால் கேட்கலாம். இனிக்கிறது என்று போய் நின்றால், அதற்கென்ன, சந்தோஷமாகக் குடி என்பார்கள். ஆனாலும் விடியற்காலையில் குழாயைத் திறந்து முதல் டம்ளரைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. சர்க்கரையின் இனிப்பு இல்லை. அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் காசை வாயில் போட்டுக்கொண்டதுபோல ஆகிவிடும் ஓர் இனிப்பு. அவள் துப்பிவிடுவாள். மகள் காத்தாயி துப்பமாட்டாள். நாலு வயதுக் குழந்தை இனிப்பைத் துப்புமா? இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டும். நீட்டியதைக் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டுவிடும்.

அந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? இருக்காது. இருந்தால் சபையாருக்குத் தெரியாமலா போகும்.

சபை என்றால் இல்லக் குடிநீர்ப் பரிபாலன சபை. ஈசுவர வருஷம் தை மாதம் அது நெடுங்குளத்துப்பட்டிக்கு வந்து சேர்ந்தது. வருவதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நரம்புச் சிலந்தி அதிகம். ஊருணித் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு நூல்போல வெளியே வரும். வேட்டித் துணியை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தால் போதும் என்று சபையின் முதல் கூட்டத்தில் ஒரு டாக்டர் சொன்னார். சபை அந்த யோசனையை மூன்று அமர்வுகளில் பரிசீலித்தது. துணி ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருந்தது. அதை விநியோகிக்க முடியாது. அதைத் திறந்துவைத்துப் பேச முடியாது. அதைப் பார்வையிட ஓர் இன்ஸ்பெக்டரை நியமிக்க முடியாது. ஆகவே அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்து, டாக்டருக்கு வந்தனம் கூறி அனுப்பிவிட்டு, நீர்ப்பெட்டகத்தைக் கொண்டுவந்தார்கள்.

பெட்டகம் இடுப்பளவு உயரமுள்ள தகர உருளை. உட்புறம் முழுவதும் சாம்பல் நிறத் தகடு வேய்ந்திருந்தது. அடியில் கட்டைவிரல் பருமனில், அதே சாம்பல் உலோகத்தால் ஆன ஒரு குழாய். மேலே ஊற்ற வேண்டும், கீழே பிடிக்க வேண்டும், கை படக்கூடாது. ஊரார் அதற்குத் தகரத் தொந்தி என்று பெயர் வைத்தார்கள். பெட்டகம் இல்லாத வீட்டாருக்கு ஊருணியில் தண்ணீர் எடுக்க அனுமதி கிடையாது என்ற உத்தரவு வந்த பிறகு அந்தப் பெயரைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

பெட்டகத்தோடு இருபத்திரண்டு விதிகள் அச்சிட்ட தாளும் வந்தது. அந்தக் குழாயின் குணம், தேய்த்தால் வெள்ளியைப்போல மின்னும். விட்டால் மறுநாளே கறுத்துவிடும். கறுத்த குழாய் அசுத்தத்தின் அடையாளம் என்றது எட்டாவது விதி. எனவே தினந்தோறும் அந்தியில் குழாயைப் புளியால் தேய்த்து, அதன் வாய்க்குள்ளும் புளியைத் திணித்து, விடியுமட்டும் ஊறவிட வேண்டும். சபை மெம்பர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் குத்துவிளக்கு புளியால்தான் துலக்கப்பட்டு மின்னியது. குத்துவிளக்கிலிருந்து யாரும் தண்ணீர் பிடித்துக் குடிப்பதில்லை என்ற வித்தியாசத்தைக் கூட்டத்தில் ஒருவரும் எழுப்பவில்லை. ஒன்பதாவது விதி இன்னும் கனிவானது. இரவெல்லாம் அசையாமல் தெளிந்த முதல் டம்ளர் தண்ணீரே மிகப் பரிசுத்தமானது. அதை வீட்டின் மிக இளைய ஜீவனுக்குக் கொடுக்கவும்.

செவந்தி ஒரு விதியையும் தவறவிட்டதில்லை. எதைச் செய்தாலும் அப்பழுக்கில்லாமல் செய்ய வேண்டும் என்பது அவள் சுபாவம். மற்ற வீடுகளில் புளி தீர்ந்துபோன நாளில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார்கள். இவள் வீட்டில் குழம்புக்குப் புளி இல்லாமல் போனாலும் குழாய்க்கு இருந்தது. மாசி மாதமே அவள் வீட்டு நிலைக்கு மேல் ‘மாதிரி இல்லம் எண் 1’ என்ற பலகை ஏறிவிட்டது. அவள் கணவன் உடையப்பன் வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான். அவன் பரம்பரையில் யார் பெயரையும் யாரும் பலகையில் எழுதியதில்லை. இதிலும் அவன் பெயர் இல்லை. ஆனாலும் ஓர் எண் இருந்தது.

குழாய் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டகத்தின் முன் குந்தி உட்கார்ந்து, வெள்ளைக் கைக்குட்டையால் குழாயைச் சுற்றித் துடைப்பார். கைக்குட்டையில் கறை பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஓர் அளவுகோலை உள்ளே விட்டு, எவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்கிறது என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். பக்தியுள்ள மனிதர்.

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது காத்தாயி மூலையில் முனகினாள். ஒரு மாதமாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனாள். செவந்தி இதையெல்லாம் சொல்லிவிட்டு, தண்ணீர் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்பதையும், வேறு ஏதோ விஷயத்தைப்போல, கடைசியில் சேர்த்துச் சொன்னாள்.

ஆத்மநாதன் கைக்குட்டையை மடித்தார்.

“வயித்துவலின்னா அது வயித்தோட சமாசாரம்மா. வயிறு எங்க டிபார்ட்மெண்டுல வராது. நாங்க குழாய் மட்டும்தான். குழாயில ஏதாச்சும் வலி இருந்தா சொல்லு, எழுதிக்கிறேன்.”

ஆனாலும் அவர் கடமை தவறாதவர். இதே மாதிரி இன்னும் இரண்டு வீட்டுக் குழந்தைகள் படுத்திருப்பதாகச் சபைக்கு எழுதிப்போட்டார். பத்து நாளில் சர்க்குலர் வந்தது. பெட்டகம் வைத்துள்ள வீடுகளில் சில குழந்தைகளுக்கு வயிற்று உபாதை காணப்படுவது சபையின் கவனத்துக்கு வந்திருக்கிறது. குழாய்களின் பளபளப்புக் குறைவே இதற்குக் காரணமாயிருக்கலாம். எனவே இனி காலை, அந்தி இருவேளையும் புளியால் தேய்க்கவும்.

செவந்தி இருவேளையும் தேய்த்தாள்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் மரியசெல்வம் அந்த வாரம் வந்தாள். ஐம்பது வயதுக்காரி. கீரமங்கலம் சந்தையை முடித்துக்கொண்டு மிச்சக் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடப்பவள். வெயிலில் வந்தவளுக்குச் செவந்தி பெட்டகத்திலிருந்து ஒரு செம்பு பிடித்துக் கொடுத்தாள். அவள் ஒரு வாய் வாங்கினாள், முற்றத்தில் துப்பினாள்.

“என்ன தாயி இது, வலைக்குண்ட வாயில போட்ட மாதிரி இருக்கு.”

கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்து குழாயைப் பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினாள். நகம் பதிந்தது. கருவாட்டுக் கத்தியால் குழாயின் விளிம்பில் ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புச் சுவரில் இழுத்தாள். பென்சிலால் போட்டதுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதெல்லாம் அவளுடைய தகப்பனைப் பற்றியது. கடற்கரையில் காரீயத்தை உருக்கி, வலையின் அடிவிளிம்பில் கட்டும் குண்டு வார்ப்பது அவர் தொழில். முப்பது வயதில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. பிறகு ஈறில் நீலமாய் ஒரு கோடு ஓடியது. கடைசியில் இரண்டு கையும் மணிக்கட்டோடு தொங்கிப்போய், சோற்றை அள்ள முடியாமல், இவள்தான் ஊட்டினாள். கூட வார்த்த இன்னொருவர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார், தேறிவிட்டார்.

“கடல்ல போட்டா மீனு செத்து வருது, வீட்டுல வச்சா மனுசன் செத்துப் போறான்னு எங்க ஆத்தா திட்டும். இத யாரு ஒங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சது?”

“சபைங்கக்கா.”

“சபைக்குப் புள்ளைகுட்டி இல்லையா?” என்று கேட்டுவிட்டு மரியசெல்வம் கூடையைத் தூக்கிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, “ஈறப் பாரு” என்றாள்.

செவந்தி உடனே பார்க்கவில்லை. அடுப்பு மூட்டினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பார்க்காதவரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? சுவரில் இருந்த கோட்டைத் துணியை நனைத்துத் துடைத்தாள். அது தீற்றிக்கொண்டு இன்னும் பெரிதாயிற்று. ஒரு மீன்காரி சொன்னதற்காகக் கல்வி கற்ற பெரிய மனிதர்களைச் சந்தேகிப்பதா என்று தன்னையே அதட்டினாள். அதட்டும்போதே தெரிந்தது, அவள் அந்தப் பெரிய மனிதர்களைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள். விதிகளை அச்சடித்தது அவர்கள்தான். புளியை ஊறவைத்தது யார்? முதல் டம்ளரைக் குழந்தையின் வாயில் வைத்து, குடி ஆத்தா, குடி ராசாத்தி என்று கொஞ்சியது யார் கை?

சாயங்காலம் காத்தாயியை மடியில் போட்டுக்கொண்டு, கீழுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல மடக்கினாள்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில், யாரோ மெல்லிய குச்சியால் மை தீட்டிவிட்டாற்போல, நீலக் கோடு இருந்தது.

உடையப்பனிடம் சொன்னபோது அவன், சபையில் இருப்பவர்கள் படித்தவர்கள் என்றான். பலகையைப் பற்றிச் சொன்னான். பெட்டகத்தை வேண்டாம் என்றால் ஊருணி இல்லை, அப்புறம் ஒன்றரைக் கல் நடந்து வெள்ளாற்றில் ஊற்றுத் தோண்டத்தான் வேண்டும் என்றான். எல்லாம் உண்மை. ஆனால் மறுநாள் வயலிலிருந்து வந்து, அவள் நீட்டிய செம்பை வாங்காமல், வழியில் இளநீர் குடித்துவிட்டேன் என்றான். அதற்கு மறுநாளும் அப்படியே சொன்னான். அவன் வரும் வழியில் தென்னை கிடையாது.

அப்போது செவந்திக்குத் தைரியம் வந்தது.

நெற்குதிருக்குப் பின்னால் ஒரு மண்பானையை மறைத்துவைத்தாள். ஊருணியிலிருந்து கொண்டுவரும் தண்ணீரில் ஒரு குடத்தைப் பெட்டகத்துக்கு ஊற்றாமல், பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டிப் பானையில் ஊற்றினாள். காத்தாயிக்கு அதிலிருந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீர் ஒன்றுமாகவும் இல்லை. இனிக்கவில்லை, கரிக்கவில்லை. குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெட்டகத்துத் தண்ணீர் குறையாவிட்டால் அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தினமும் மூன்றுபேர் குடிக்கும் அளவு தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து, யாரும் பார்க்காத நேரத்தில் கொல்லைக் கோடியில் கொட்டினாள். கோழி கிட்டே வந்தால் விரட்டினாள். கொட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி மூடினாள். குழாயை முன்னைவிட இரண்டு மடங்கு தேய்த்தாள், சந்தேகம் வரக்கூடாதல்லவா. ஒருவரும் குடிக்காத குழாய் அப்படி மின்னியது.

ஏழாம் நாள் காத்தாயி பழைய சோறு கேட்டாள். ஒன்பதாம் நாள் நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். செவந்தி வாசலில் நின்று அந்தச் சின்னக் கால்கள் ஓடுவதைப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதால் யாராவது காரணம் கேட்பார்கள் என்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தைக்கூடக் குதிருக்குப் பின்னால் மறைக்க வேண்டியிருந்தது.

குழந்தைகள் படுத்திருந்த மற்ற இரண்டு வீட்டுப் பெண்களிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னாள். ஒருத்தி நம்பி உடனே பானை வாங்கினாள். இன்னொருத்தி, ஒங்க வீட்டுப் பலகை எங்களுக்கு வந்திரும்னு பொறாமையா என்று கேட்டாள்.

பதினோராம் நாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் ஆத்மநாதனின் சைக்கிள் மணி கேட்டதும் செவந்தி குதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரோ சந்தோஷமாக வந்திருந்தார். ஜில்லாவெங்கும் இவள் வீட்டுக் குழாயைப் போல இன்னொன்று கிடையாது என்று தாம் எழுதியதில், சபைக் காரியதரிசி ஒரு விசேஷப் பார்வைக்கு உத்தரவிட்டிருக்கிறாராம். கைக்குட்டையால் துடைத்தார், பனிபோல வெளுப்பாக வந்தது. அளவுகோலை விட்டார்; சரியாக மூன்றுபேர் அளவு. ரிஜிஸ்டரைத் தொடையில் விரித்து ‘அதி உத்தமம்’ என்று எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, ஒன்பதாவது விதியையும் கண்ணால் கண்டதாக எழுதிவிட்டால் பூரணமாகிவிடும் என்றார். அவரே ஒரு டம்ளர் பிடித்தார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த காத்தாயியைக் கூப்பிட்டார்.

“இந்தா கண்ணு, குடி.”

செவந்தி ஓரடி முன்னால் வந்தாள். குழந்தை டம்ளரையும் பார்த்தது, அம்மாவையும் பார்த்தது.

“இது வேணாம். குதிருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிற தண்ணி குடு ஆத்தா.”

ஆத்மநாதன் எழுந்து போய்ப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்ன நம்பித்தானே எழுதினேன் என்று மட்டும் சொன்னார். பிறகு கடமை அவரைத் தாங்கிக்கொண்டது. ‘சபையின் அனுமதியின்றி ரகசியமாகத் தண்ணீர் தேக்கிய கள்ளப் பானை ஒன்று’ என்று மகஜர் எழுதினார். வாயகலம், உயரம், ‘விளிம்பில் சிறு விரிசல்’ என்று எல்லாவற்றையும் குறித்தார். உள்ளேயிருந்த தண்ணீரைக் கொட்டலாமா, அதுவும் சாட்சியமா என்ற சந்தேகம் வந்தது. விதிகளில் வழியில்லாததால் நிறை பானையாகவே சைக்கிள் காரியரில் கயிற்றால் கட்டினார். மிதித்தால் தளும்பும் என்று பதினாலு மைல் தள்ளிக்கொண்டே நடந்தார்.

விசாரணை சனிக்கிழமை, புதுக்கோட்டையில். அதுவரை மூன்று நாளும் பெட்டகத் தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. செவந்தி அந்த மூன்று நாளும் மகளுக்கு மோரும் நுங்கும் இளநீரும் கொடுத்தே சமாளித்தாள். தென்னை இல்லாத வழியில் உடையப்பன் எங்கிருந்தோ இளநீர் கொண்டுவந்தான்.

சபை மண்டபம் பெரியது. நடுமேசையில் பானை இருந்தது. வாய்க்குச் சிவப்புத் துணி கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கழுத்தில் ஓர் எண்ணைத் தொங்கவிட்டிருந்தார்கள். செவந்திக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தன் வீட்டு ஆளை விலங்கு மாட்டி உட்கார்த்திவைத்ததுபோல. காரியதரிசி ரெங்கராஜ் அகலமான நெற்றியும் மென்மையான குரலும் உடையவர். அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செவந்தி சொன்னாள். இனிப்பைச் சொன்னாள், மரியசெல்வம் சுவரில் இழுத்த கோட்டையும் அவள் தகப்பன் கதையையும் சொன்னாள், பானைத் தண்ணீரில் குழந்தை தேறியதைச் சொன்னாள். காத்தாயியின் உதட்டை மடக்கி ஈறைக் காட்டினாள். நீலம் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனாலும் இருந்தது.

காரியதரிசி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“கோடு நேராத்தான் இருக்கு” என்றார்.

பிறகு அவர் சபைக்காக ஒரு சிறு உரை நிகழ்த்தினார். புகார் வந்தவுடனே சபை பெட்டகத் தண்ணீரைப் பரீட்சித்துவிட்டது. கண்ணால் பார்த்ததில் தெளிவாக இருந்தது. மூக்கால் முகர்ந்ததில் வாசனை இல்லை. நாக்கால் பரீட்சிக்க மூன்று மெம்பர்கள் கொண்ட உபகமிட்டி அமைக்கப்பட்டது. அவர்கள் தண்ணீர் இனிப்பாயிருப்பதாக ஏகமனதாக ஒப்புக்கொண்டு, அதைச் சபையின் சாதனைகளில் ஒன்றாகச் சேர்க்கும்படி சிபாரிசு செய்திருக்கிறார்கள். மீன்காரியின் சாட்சியத்தைப் பொறுத்தவரை, அவள் அனுபவம் முழுவதும் உப்புத் தண்ணீரைச் சார்ந்தது. சபையின் அதிகாரம் நல்ல தண்ணீரோடு முடிகிறது. குழாயே குற்றம் என்றால், நானூறு வீட்டில் நானூறு குழாய்களைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். நானூறு குழாய்கள் தவறாயிருக்குமா, ஒரு குழந்தை தவறாயிருக்குமா? நியாயமுள்ள எவரும் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

நீளமாகப் பேசியதில் அவருக்குத் தொண்டை வறண்டது. நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு மண்கூஜாவை எடுத்தார். அதன் வாயில் வெள்ளைத் துணி நாலாக மடித்துக் கட்டியிருந்தது. டம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

செவந்தி அந்தத் துணியையே பார்த்தாள். சுற்றிலும் இருந்த மெம்பர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. தினமும் பார்ப்பதாக இருக்கும்.

“ஐயா வீட்டுல பெட்டகம் இல்லைங்களா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஆசைதான். ஆனா ஜனங்களுக்கு மொதல்ல கெடைக்கணும்னு நான் இன்னும் வாங்கிக்கலை” என்றார் காரியதரிசி. அவர் குரலில் பொய் இல்லை. அதை அவரே நம்பி வெகுநாளாகியிருக்க வேண்டும்.

காத்தாயி கூஜாவைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். அது காரியதரிசியின் சொந்த உபயோகத்துக்கானது என்று ஆத்மநாதன் தணிந்த குரலில் விளக்கிவிட்டு, மண்டபத்துப் பெட்டகத்திலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். சபை யாரையும் தண்டிக்க விரும்பவில்லை. உண்மையை நிலைநாட்டத்தான் விரும்புகிறது. ஆகவே குழந்தையை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சபையின் பராமரிப்பில் இங்கேயே விட்டுவிட வேண்டும். நல்ல சாப்பாடு, பாய், ஓர் ஆயா உண்டு. பெட்டகத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்கக் கொடுக்கப்படமாட்டாது. வேறெங்கிருந்தும் தண்ணீர் வாய்க்குள் போகாதபடி இன்ஸ்பெக்டர் காவல் இருப்பார்.

“கொழந்த நல்லா இருந்தா, பெட்டகத்து மேல குத்தமில்லைன்னு ருசுவாகும்” என்றார் காரியதரிசி. “சொகமில்லாமப் போனா, கொழந்த முன்னாடியே நோயாளின்னு ருசுவாகும். அப்பவும் பெட்டகத்து மேல குத்தமில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒங்க மனசுல இருக்கிற சந்தேகம் தீந்துரும்மா. நாங்க ஒங்களுக்காகத்தான் இவ்வளவும் செய்யறோம்.”

அச்சிட்ட சம்மதப் பாரம் மேசையில் விரிந்தது. சம்மதித்தால் பலகை இருக்கும், ஊருணி இருக்கும், பானை விஷயம் மன்னிக்கப்படும். இல்லையென்றால் இரண்டும் போகும். பானை இங்கேயே இருக்கும். முதலில் தகப்பனைக் கூப்பிட்டார்கள். உடையப்பன் எழுந்து போனான். பேனாவை வாங்கினான். அவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். பெட்டகத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு, அதை எழுத வாய்ப்பு வந்தது அவன் ஆயுளில் இது இரண்டாவது தடவை. பாரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவைக் கீழே வைத்தான்.

“அவளக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். செவந்தி அப்படி ஒரு கூட்டத்தின் கண்களை ஒருநாளும் தாங்கியதில்லை. இத்தனை பேரும் கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். ஆத்மநாதன் பதினாலு மைல் ஒரு துளி சிந்தாமல் பானையைக் கொண்டுவந்தவர். இந்தக் காரியதரிசி இவ்வளவு நேரமும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. விதி என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் அப்பழுக்கில்லாமல் செய்துமுடிப்பவர்கள். அவளும் அப்படித்தான் ஆறு மாதம் இருந்தாள். அந்த ஆறு மாதத்தின் நிறம் குழந்தையின் ஈறில் இருந்தது.

காத்தாயி அவள் முழங்காலில் சாய்ந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“இல்லைங்க” என்றாள் செவந்தி.

காரியதரிசி, அவள் மேலே ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். ஊருணியை ஞாபகப்படுத்தினார். ஞாபகம் இருக்கிறது என்று தலையசைத்தாள். வெள்ளாறு தூரம் என்றார். அதற்கும் தலையசைத்தாள். அவர் அந்தப் பாரத்தை மடித்து வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்தார். மறுப்பதற்கும் பாரம் இருந்தது.

“இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அத நிரப்பாம ஃபைலை முடிக்க முடியாது. என்னன்னு எழுதட்டும்? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அவளிடம் காரணம் இருந்தது. இதுவரை அவள் சொன்ன ஒவ்வொன்றும் இந்த மண்டபத்தில் என்னவாக மாறியது என்பதும் நினைவிருந்தது. வயிற்றுவலி சர்க்குலராயிற்று. பானை மகஜராயிற்று. இனிப்பு சாதனையாயிற்று. இனி எதைக் கொடுத்தாலும் அதன் கழுத்திலும் ஓர் எண் தொங்கும்.

குனிந்து காத்தாயியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை ஒரு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கனத்தது.

“ஒண்ணும் எழுத வேணாங்க. புள்ளையத் தரமாட்டேன்.”

“அப்ப இந்தக் கட்டம்?”

“சும்மா கெடக்கட்டுங்க” என்றாள் செவந்தி.

காரியதரிசியின் பேனா அந்த வெற்றுக் கட்டத்துக்கு மேலே நின்றது. அது எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதற்கு அவள் நிற்கவில்லை.